போக முடியுமா? போகலாமா?

நாம் பள்ளிக்கூடத்தில் படித்த நாட்களில் நமக்கு இங்கிலீஷ் கற்பித்த உபாத்தியாயர் ஒருவர் இருந்தார். நல்ல மனிதர், இலக்கணத்தில் மட்டும் தாட்சண்யம் இல்லாதவர். ஒரு நாள் பிற்பகல், கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்து நின்று, முகத்தைச் சுளித்துக்கொண்டு, “கேன் ஐ கோ அவுட், ஸார்?” என்று கேட்டான். அவனுக்கு இருந்த அவசரம் இன்னதென்று வகுப்பு முழுவதற்கும் தெரியும். உபாத்தியாயர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

“உனக்குக் கால்கள் எத்தனை?”

“இரண்டு, ஸார்!”

“இரண்டும் நன்றாயிருக்கின்றனவா?”

“நன்றாயிருக்கின்றன, ஸார்!”

“அப்படியானால் உன்னால் வெளியே போக முடியும் என்பதில் என்ன சந்தேகம்? அதை என்னிடம் ஏன் கேட்கிறாய்? உட்கார்!”

வகுப்பு கொல்லென்று சிரித்தது. நாமுந்தான் சிரித்தோம். அந்தப் பையன் மட்டும் சிரிக்கவில்லை. ‘மே ஐ கோ அவுட்?’ என்று கேட்டிருக்க வேண்டுமென்பது அவனுக்குத் தெரியாது. யோசித்துக் கண்டுபிடிக்கக்கூடிய நிலையிலும் அவன் இல்லை. ஒரு வார்த்தை தவறியதற்காக, மணி அடிக்கும் வரையில் அவன் பட்ட பாட்டை இன்று நினைத்தாலும் நமக்குச் சற்று வெட்கமாகவே இருக்கிறது.

நேயர்களில் பலர் இதைப் போன்ற காட்சியைக் கண்டிருப்பார்கள். இங்கிலீஷ் வழங்கும் தேசங்களிலும் இந்த வேடிக்கை வெகு பிரசித்தம். ‘கேன்’ என்றால் திறமை. ‘மே’ என்றால் அநுமதி: இதுதான் சூத்திரம். சூத்திரம் தவறல்ல. ஆனால் அது முழு உண்மையும் அல்ல. இந்த இரண்டு சிறு சொற்களுக்குள் நீண்ட சரித்திரம் ஒன்று அடங்கியிருக்கிறது. நம் தேசத்தின் பார்லிமெண்டையே ஒரு சமயம் கலக்கிய வழக்கு ஒன்றும் இருக்கிறது. வீட்டில் படிக்கிற குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுக்கவும் உதவுமாகையால், இவ்விஷயத்தைச் சற்று ஆர அமரப் பார்ப்போம்.

நம் வீட்டிலேயே உள்ள இலக்கணம்

‘கேன்’, ‘மே’ வித்தியாசம் தமிழ்க் குழந்தைக்குக் கடினம் என்று நினைப்பது பெரும் பிசகு. உண்மையில், அந்த வித்தியாசம் இங்கிலீஷைவிடத் தமிழில் தெளிவாயிருக்கிறது.

ஆடி மாதம். காவேரியில் புது வெள்ளம். கரையோரத்து வீட்டுப் பையன் ஒருவனுக்கு ஆற்றில் குதிக்க வேண்டுமென்று ஆசை. அவன் விஷயத்தில் மூன்று கேள்விகள் எழுகின்றன. முதலாவது, அவனுக்கு நீந்தத் தெரியுமா? இரண்டாவது, நேற்று வரையில் காய்ச்சலாய்க் கிடந்தவனால் இன்று நீந்த முடியுமா? மூன்றாவது, இவ்வளவு வெள்ளத்தில் அவன் நீந்தலாமா? முதல் கேள்விக்குப் பதில் அவன் கற்ற வித்தையில் இருக்கிறது. இரண்டாவதற்குப் பதில் அவன் உடம்பில் இருக்கிறது. மூன்றாவதற்குப் பதில் அவனிடம் இல்லவே இல்லை. அடுக்களையில் இருக்கும் அம்மாவிடம் இருக்கிறது!

தமிழ் இந்த மூன்றையும் எவ்வளவு நுட்பமாகப் பிரிக்கிறது பாருங்கள். ‘எனக்குத் தெரியும்’ என்று நான்காம் வேற்றுமை. ‘என்னால் முடியும்’ என்று மூன்றாம் வேற்றுமை. ‘நான் நீந்தலாம்’ என்று எழுவாய். மூன்று வினைகள், மூன்று வேற்றுமைகள். இங்கிலீஷோ முதலிரண்டையும் ஒரே ‘கேன்’ என்னும் மூட்டையில் கட்டிவிட்டு, மூன்றாவதற்கு மட்டும் ‘மே’ என்று தனி வார்த்தை வைத்திருக்கிறது.

ஆகையால் குழந்தைகளுக்கு விதியை நெட்டுருப் போடச் சொல்ல வேண்டியதில்லை. சொல்ல நினைப்பதை முதலில் தமிழில் சொல்லிப் பார்க்கட்டும். ‘தெரியும்’, ‘முடியும்’ என்று வந்தால் ‘கேன்’; ‘லாம்’ என்று வந்தால் ‘மே’. ‘மழை பெய்யலாம்’ என்று சொல்கிறோம். அது அநுமதியன்று, வெறும் சாத்தியந்தான். இங்கிலீஷ்காரரும் அவ்விடத்தில் அதே ‘மே’யைத்தான் போடுகிறார்! அநுமதி, சாத்தியம் ஆகிய இரண்டு அர்த்தங்களும் நம்முடைய ‘லாம்’, அவர்களுடைய ‘மே’ இரண்டிலும் ஒருங்கே குடியிருக்கின்றன. ஒன்றையொன்று அறியாத இரண்டு பாஷைகள் ஒரே வழியில் நடந்திருப்பது ஆச்சரியமல்லவா?

இன்னொரு ஒற்றுமையும் உண்டு. ‘ஹி கோஸ்’, ‘ஹி ஈட்ஸ்’ என்று படர்க்கை ஒருமையில் ‘எஸ்’ சேர்க்கக் கற்ற குழந்தை ‘ஹி கேன்ஸ்’ என்று எழுதிவிட்டு அடி வாங்குகிறது. ஏன் ‘கேன்’, ‘மே’ இரண்டுக்கும் வால் கிடையாது? மிகப் பழைய காலத்தில் இவை இறந்தகால வினைகளாயிருந்து, பிறகு நிகழ்காலப் பொருளுக்கு வந்தவை; இறந்தகால வடிவத்திற்கு ‘எஸ்’ சேருவதில்லை. நமக்கு இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. நான் வரலாம், நீ வரலாம், அவள் வரலாம், அவர்கள் வரலாம் என்றுதானே நாமும் சொல்கிறோம்? யார் வந்தாலும் ‘லாம்’ மாறுவதில்லை.

உபாத்தியாயர் அறியாத சரித்திரம்

‘மே’ என்றால் அநுமதிதான் என்று கண்டிப்பாய்ச் சொன்ன நமது உபாத்தியாயர், ஆயிரம் வருஷங்களுக்கு முன்னால் இங்கிலாந்தில் பிறந்திருந்தால் அவருடைய சூத்திரம் தலைகீழாகியிருக்கும். ஏனெனில் பழைய இங்கிலீஷில் ‘மே’ என்பதன் மூல வினைக்குப் பலம் பெற்றிருத்தல், வல்லமை உடைத்தாயிருத்தல் என்பதே பொருள். திறமையைக் குறித்த வார்த்தை அதுவே! பலம் என்று அர்த்தமாகும் ‘மைட்’ என்ற பெயர்ச்சொல் அதன் உறவு. கடவுளை ‘ஆல்மைட்டி’ என்கிறார்களே, எல்லாம் வல்லவர் என்று, அதில் இருப்பதும் அந்தப் பலந்தான்.

‘கேன்’ என்பதன் கதை இன்னும் ரஸமானது. அதன் ஆதிப் பொருள் ‘அறிதல்’. ‘எனக்கு நீந்தத் தெரியும்’ என்று நாம் இன்று சொல்வதைப் போலவே அன்றைய இங்கிலீஷ்காரரும் சொன்னார். ‘நோ’ என்ற வினையும், ‘கேன்’ என்ற துணைவினையும், ஸம்ஸ்கிருதத்தில் ‘ஞானம்’ என்ற சொல்லைப் பிறப்பித்த தாதுவும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை என்பது பாஷைகளை ஆராய்ந்தவர்களின் முடிவு. அந்தப் பையன் கடைசி பெஞ்சில் நின்று சொன்ன ‘கேன்’, தூரத்து உறவில் ஞானத்துக்குத் தம்பி முறை!

பிறகு என்ன நடந்தது? பலமுள்ளவனுக்குத் தடையில்லை, தடையில்லாதது நடக்கக்கூடியது, நடக்கக்கூடியதைச் செய்தால் தடுப்பாரில்லை. இப்படிப் படிப்படியாக நகர்ந்து ‘மே’ அநுமதிக்கு வந்து சேர்ந்தது. அது காலி செய்த வீட்டில் ‘கேன்’ குடி புகுந்தது. அதாவது, அறிவைக் குறித்த சொல் திறமையைக் குறிக்கலாயிற்று. அத்துடன் நின்றதா? ‘மே’ நடந்த பாதையிலேயே ‘கேன்’ என்பதும் நடந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அநுமதியின் வாசலுக்கும் வந்துவிட்டது. இன்று இங்கிலீஷைத் தாய் பாஷையாக உடையவர்கள் வீட்டிலும் வீதியிலும் அநுமதி கேட்பது பெரும்பாலும் ‘கேன் ஐ’ என்றுதான். ‘மே ஐ’ என்பது மரியாதை மிகுந்த இடங்களுக்கென்று எடுத்து வைத்த பட்டு வேஷ்டியைப் போல் ஆகிவிட்டது. விண்ணப்பத்திலும், பரீட்சையிலும், பெரியோர் முன்னிலையிலும் அதை உடுத்துவது அழகு. அதற்காக, வீட்டில் நாலு முழம் கட்டியவனைப் பார்த்துச் சிரிப்பது நியாயமாகாது.

வழுக்கும் இடங்கள்

பழகியவர்களும் வழுக்கி விழும் இடங்கள் சில இருக்கின்றன. அவற்றை மட்டும் சுட்டிக் காட்டுவோம்.

‘கேன்’ என்பதன் இறந்தகாலம் ‘குட்’. நல்லது என்று பொருள்படும் ‘குட்’ அல்ல. எழுதும்போது நடுவில் ஓர் ‘எல்’ எழுத்து ஊமையாய் நிற்குமே, அது. அந்த ‘எல்’ பிறவியிலேயே வந்ததல்ல. ‘வுட்’, ‘ஷுட்’ என்ற சொற்களில் நியாயமாய் ‘எல்’ இருப்பதைப் பார்த்து, இதற்கும் ஒன்றை இரவல் வாங்கி வைத்துவிட்டார்கள். குழந்தைகளின் எழுத்துக்கூட்டுத் துன்பத்திற்கு இப்படி எத்தனையோ காரணங்கள்!

இந்தக் ‘குட்’ விஷயத்தில்தான் தமிழர் அதிகமாய்த் தவறுகிறோம். தாத்தா இளமையில் பத்து மைல் நடக்கக்கூடியவராயிருந்தார் என்றால் ‘குட் வாக்’ என்பது சரி. அது எப்போதும் இருந்த திறமை. ஆனால் ‘நேற்று பஸ் கெட்டுப்போயிற்று, இருந்தும் தாத்தாவால் பத்து மைல் நடந்து வந்து சேர முடிந்தது’ என்று, ஒரு குறிப்பிட்ட தடவை நடந்து முடிந்த சாதனையைச் சொல்லும்போது ‘வாஸ் ஏபிள் டு’ என்று எழுதுவதே முறை. தமிழில் இரண்டுக்குமே ‘முடிந்தது’ என்று சொல்லிவிடலாமாகையால் நமக்கு வித்தியாசம் தோன்றுவதில்லை. எதிர்மறையில் இந்தத் தொல்லை கிடையாது. முடியாமற் போனது ஒரு தடவையானாலும் பல தடவையானாலும் ‘குட் நாட்’ என்றே எழுதலாம்.

அடுத்தது எதிர்காலம். ‘வில்’ என்பதற்குப் பின்னால் ‘கேன்’ வராது. ஒரே உறையில் இரண்டு கத்திகள் இருக்க மாட்டா. ‘வில் பி ஏபிள் டு’ என்றுதான் எழுத வேண்டும். அப்படியே ‘கேன்’, ‘மே’ இரண்டுக்கும் பிறகு ‘டு’ சேர்ப்பதும் பிசகு. ‘கேன் கோ’ சரி. ‘கேன் டு கோ’ தவறு.

மூன்றாவது, மரியாதை. அநுமதி கேட்கும்போது ‘குட் ஐ’ என்றாலும், இன்னும் பணிவாக ‘மைட் ஐ’ என்றாலும் பொருந்தும். ஆனால் அநுமதி கொடுப்பவர் ‘எஸ், யூ குட்’ என்று பதில் சொல்வதில்லை. ‘யூ கேன்’ அல்லது ‘யூ மே’ என்றே சொல்ல வேண்டும். கேட்கிறவருக்குத்தான் குழைவு; கொடுக்கிறவர் சொல் நேராக நிற்க வேண்டும். இலக்கணம் நமக்கு லோக தர்மத்தையும் சேர்த்துக் கற்பிக்கிறது போலும்!

எல்லாவற்றிலும் பெரிய வழுக்கல் ‘மே நாட்’ என்பது. ‘ஹி மே நாட் கம்’ என்ற வாக்கியத்திற்கு இரண்டு அர்த்தங்கள் உண்டு. அவன் வராமல் இருக்கலாம் என்பது ஒன்று; அவன் வரக்கூடாது என்பது மற்றொன்று. முதலாவது சந்தேகம்; இரண்டாவது தடை. தமிழ் இவ்விரண்டையும் கலக்க இடங்கொடாது. ‘வரலாம்’ என்பதை நேராக எதிர்மறையாக்க நம்மால் முடியாது. தடையைச் சொல்ல ‘கூடாது’ என்று வேறு வார்த்தையைத் தேடிப் போகிறோம். சந்தேகத்தைச் சொல்ல ‘வராமலிருக்கலாம்’ என்கிறோம். இங்கிலீஷில் பேசும் குரலையும் சந்தர்ப்பத்தையும் கொண்டுதான் அர்த்தத்தைக் கண்டுகொள்ள வேண்டும். காகிதத்தில் குரல் கிடையாது. அங்கேதான் ஆபத்து.

பார்லிமெண்டில் ஒரு ‘மே’

அந்த ஆபத்து எவ்வளவு பெரிதாகக்கூடும் என்பதற்கு நம் தேச சரித்திரத்திலேயே சாட்சி இருக்கிறது.

சட்டம் எழுதுகிறவர்கள் ‘மே’ என்பதையும் ‘ஷல்’ என்பதையும் தராசில் நிறுத்துப் போடுவார்கள். பொதுவாக, ‘ஷல்’ என்றால் செய்தே தீர வேண்டும். ‘மே’ என்றால் செய்யலாம், செய்யாமலும் விடலாம். சந்தர்ப்பத்தை ஒட்டி நீதிபதிகள் ‘மே’ என்பதற்கும் கடமை என்று பொருள் கொண்டதுண்டு. ஆனால் அது நியாயஸ்தலம் வரையில் போன பிறகு கிடைக்கிற நிச்சயம்.

1950-ஆம் வருஷம் ஜனவரி 26-ந் தேதி அமலுக்கு வந்த நமது அரசியல் சட்டத்தின் 343-வது ஷரத்து, தேவநாகரி லிபியில் எழுதும் ஹிந்தியே யூனியனின் ஆட்சி மொழி என்றும், பதினைந்து வருஷ காலத்துக்கு இங்கிலீஷும் தொடர்ந்து வழங்கும் என்றும் விதித்தது. அதன் பிறகும் இங்கிலீஷை வழங்கப் பார்லிமெண்டு சட்டம் செய்யலாம் என்று அதிலேயே ஒரு ‘மே’யும் வைத்திருந்தார்கள். 1959-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் பிரதம மந்திரி ஜவஹர்லால் நேரு, ஹிந்தி பேசாத மக்கள் விரும்பும் வரையில் இங்கிலீஷ் நீடிக்கும் என்று லோக சபையில் வாக்களித்தார்.

அந்த வாக்கைச் சட்டமாக்கும் பொருட்டு 1963-ஆம் வருஷம் ஏப்ரலில், அப்போது உள்நாட்டு மந்திரியாயிருந்த லால் பகதூர் சாஸ்திரி ஆட்சி மொழிகள் மசோதாவைக் கொண்டுவந்தார். அதில் இங்கிலீஷ் தொடர்ந்து உபயோகிக்கப்படும் என்ற இடத்தில் எழுதப்பட்டிருந்த துணைவினை ‘மே’. வந்தது வழக்கு! ‘மே’ என்பதைப் பிற்காலத்தில் யாரேனும் ‘மே நாட்’ என்று படித்துவிட்டால் என்ன செய்வது? ‘ஷல்’ என்று எழுதுங்கள் என்று எதிர்த்தவர்கள் கேட்டார்கள். ராஜ்ய சபையில் சி. என். அண்ணாதுரை மசோதாவை எதிர்த்துப் பேசினார். இவ்விடத்தில் ‘மே’ என்பதற்கு ‘ஷல்’ என்பதே அர்த்தம் என்று நேரு சமாதானம் சொன்னார். மசோதா ‘மே’யுடனேயே நிறைவேறியது.

அவ்வாறு அர்த்தம் சொன்னவர் 1964-ஆம் வருஷம் மே மாதம் காலமானார். சொன்னவருடைய குரல் போய்விட்டது; சொல் மட்டும் காகிதத்தில் நின்றது. பதினைந்து வருஷ கெடு முடிந்த 1965 ஜனவரி 26-ந் தேதியை ஒட்டித் தமிழ்நாட்டில் மாணவர்கள் கிளர்ந்தெழுந்ததும், பல உயிர்கள் மாண்டதும், தமிழ்நாட்டைச் சேர்ந்த மத்திய மந்திரிகளான சி. சுப்பிரமணியமும் ஓ. வி. அளகேசனும் ராஜிநாமாக் கொடுத்ததும் பலரும் அறிந்தவை. பிப்ரவரி 11-ந் தேதி சாஸ்திரி ரேடியோவில் பேசி, நேருவின் வாக்குறுதி காப்பாற்றப்படும் என்று உறுதி கூறினார்.

இத்தனையும் ஒரு துணைவினையால் நேர்ந்தது என்று நாம் சொல்ல வரவில்லை. மொழி, உத்தியோகம், மானம் என்று அதற்கு ஆழமான காரணங்கள் பல. ஆனால் நம்பிக்கை தளர்ந்த இடத்தில் மனிதர்கள் வாய்ச்சொல்லை விட்டுவிட்டு எழுத்தைத்தான் பிடித்துக்கொள்வார்கள். அந்த எழுத்து ‘மே’ என்று தொங்கிக்கொண்டிருந்தால் கலக்கம் ஏற்படாமல் எப்படி இருக்கும்?

முடிவில், 1967-ஆம் வருஷத்துத் திருத்தச் சட்டம் ஒரு வழி கண்டது. பழைய ‘மே’யை எடுக்கவில்லை, அதன் பக்கத்திலேயே ‘ஷல்’ ஒன்றை நிறுத்திக் காவல் வைத்தது. ஹிந்தியை ஆட்சி மொழியாக ஏற்காத ராஜ்யத்துக்கும் யூனியனுக்கும் இடையே நடக்கும் கடிதப் போக்குவரத்து இங்கிலீஷிலேயே இருந்தாக வேண்டும் என்றது. அத்தகைய ராஜ்யங்களின் சட்டசபைகள் எல்லாம் இங்கிலீஷ் வேண்டாம் என்று தீர்மானித்து, பிறகு பார்லிமெண்டின் இரு சபைகளும் தீர்மானித்தாலன்றி, இந்த ஏற்பாடு நீடித்தே தீரும் என்றும் சொன்னது.

யார் கையில்?

இப்போது ‘கேன்’, ‘மே’ என்ற இரண்டுக்கும் உள்ள உண்மையான வித்தியாசம் விளங்கியிருக்கும். ‘முடியும்’ என்பது நம் கையில் இருக்கிறது. ‘லாம்’ என்பது பிறர் கையில் இருக்கிறது. ஒரு வாக்கியத்தில் ‘மே’ வந்தால், அந்த அநுமதியைக் கொடுப்பவர் யார், நாளை அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளக் கூடியவர் யார் என்று கேட்டுப் பார்ப்பது நல்லது. வீட்டு வாடகைப் பத்திரமானாலும், பாங்கிக் கடன் பத்திரமானாலும், உத்தியோக உத்தரவானாலும், கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அதிலுள்ள ‘மே’ எல்லாவற்றையும் ஒரு தரம் எண்ணிப் பாருங்கள். கொடுக்கிறேன் என்பதற்கும் கொடுக்கலாம் என்பதற்கும் உள்ள தூரம் அப்போது தெரியும்.

கடைசியாக, அந்தக் கடைசி பெஞ்சுப் பையனைப் பற்றி ஒரு வார்த்தை. நமது உபாத்தியாயர் கற்பித்த பாடம் நல்ல பாடந்தான். கற்பித்த வேளைதான் நல்ல வேளையல்ல. அநுமதி கொடுக்கும் இடத்தில் இருப்பவர், கேட்பவனுடைய வார்த்தையைத் திருத்துவதற்கு முன்னால் அவனுடைய முகத்தையும் சற்றுப் பார்க்க வேண்டும். பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லித் தரும் பெற்றோர்களுக்கும் உபாத்தியாயர்களுக்கும் நாம் சொல்லிக்கொள்வது இவ்வளவே: “கேன் ஐ கோ அவுட்?” என்று குழந்தை எழுந்து நின்றால், முதலில் அதை வெளியே அனுப்பிவிடுங்கள். திரும்பி வந்து நிம்மதியாய் உட்கார்ந்த பிறகு, ‘முடியும்’, ‘லாம்’ என்று இலக்கணத்தை ஆரம்பிக்கலாம்.